கட்ட விடாதேங்கோ, தங்கச்சி

வெடிச் சத்தத்துக்கு அண்ணா கட்டிலுக்குக் கீழ பூருறார், அயலுக்குள்ள "விசர்" எண்டினம், அம்மா கட்டி வைச்சுப் பேயோட்ட நிக்கிறா எண்டு எழுதியிருந்தீங்கள். தயவுசெய்து கட்ட விடாதேங்கோ. 2009இல போர் முடிஞ்ச பிறகும் என்ர மாமா கனகாலம் செருப்போடதான் படுத்தவர். ஷெல் விழுந்தால் பங்கருக்கு ஓடவேணுமாம். போருக்குள்ள அவரை உயிரோட வைச்சிருந்ததே அந்தப் பழக்கம்தான். முதலாம் உலகப் போரில இப்பிடி நடுங்கின சில சிப்பாய்களைக் கோழை எண்டு சுட்டே கொன்றவங்கள். வியட்நாம் போருக்குப் பிறகு, 1980இலதான் அமெரிக்க மனநல வைத்தியர்மார் இதுக்கு PTSD (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வாற மனப் பாதிப்பு) எண்டு பேர் வைச்சுத் தங்கட நோய்ப் பட்டியலில சேர்த்தவை.

அம்மா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைக்கட்டும், மறிக்காதேங்கோ. ஆனால் அண்ணாவை அரச ஆசுபத்திரி மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, காசு கட்டத் தேவையில்லை. நித்திரையில்லாததையும் மறக்காமல் சொல்லுங்கோ.