நர்சிங் படிக்கிறேன், வார்டுக்குப் போனாலே மயக்கம் வருகிறது. கவுன்சலிங் போனால் சரியாகுமா?

சரியாகும். எனக்குச் சரியானது. வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று நீங்களும் ஹாஸ்டலில் வாய் திறக்காமல் இருப்பீர்கள். நான் அப்படித்தான் இருந்தேன்.

முதல் வருடம், சர்ஜிக்கல் வார்டு போஸ்டிங். ஒரு தாத்தாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். டிரஸ்ஸிங் டிரேயோடு பக்கத்தில் நின்றேன். பழைய கட்டைப் பிரித்ததும் காது அடைத்தது, கண் இருட்டியது. விழித்தபோது கத்தரியும் பஞ்சும் தரையில் கிடந்தன. "பாப்பாவுக்கு முதல்ல தண்ணி குடுங்கம்மா" என்றார் தாத்தா. எங்கள் மேடமோ வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "உனக்கெல்லாம் எதுக்கு இந்தப் படிப்பு?" என்றார். அதன்பிறகு போஸ்டிங் என்றாலே முந்தின ராத்திரி தூக்கம் போய்விடும்.

ஒரு சீனியர் அக்காதான் உளவியலாளரிடம் கூட்டிப்போனார். மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். ரத்தம், காயம் பார்த்து மயங்குபவர்களுக்கு ஏறிவிட்டுச் சட்டென்று இறங்கிவிடும் என்று அவர் விளக்கினார். அதனால் அந்த நேரத்தில் உடம்பைத் தளரவிடக் கூடாதாம், இறுக்க வேண்டுமாம். கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடாகும்வரை பத்துப் பதினைந்து நொடி இறுக்கி, அரை நிமிடம் இயல்பாக விட்டு, மறுபடி இறுக்கி, இப்படி ஐந்து தடவை. ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980களில் உருவாக்கிய முறை இது. இறுக்கிக்கொண்டே முதலில் புண்ணின் படம் பார்த்தேன், பிறகு வீடியோ, அப்புறம் ஆறிவரும் தையல், கடைசியில் டிரஸ்ஸிங். மேடம் சொன்ன வார்த்தைக்கும் ஒரு நோட்டு போட்டோம்: அது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம், இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று எழுதச் சொன்னார். இரண்டாவது பக்கம்தான் நிறைந்தது.

"பயந்தவள் ஏன் நர்சிங் எடுத்தாய்" என்று கேட்க வருபவர்களுக்கு: பயத்தோடு வந்து கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். மாத்திரை வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை, அது டாக்டர் முடிவு.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்றைக்கு நைட் டியூட்டியில் முப்பது பேஷண்டுக்கு நாங்கள் இரண்டே பேர். சம்பளம் கேட்டால் அழுகைதான் வரும். ஒரு ஸ்டாஃபைக் கூடப் போடுங்கள் என்றால், "சேவை மனப்பான்மை வேண்டும்" என்கிறார்கள்.

உங்கள் கல்லூரியில் உளவியலாளர் இல்லையென்றால் 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை. இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். மயக்கம் வருவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், வெறும் பதற்றம் என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.