பிரிக் லேன் எப்படி வங்காளிகளின் தெருவானது?

கிழக்கு லண்டனின் பிரிக் லேனில் வங்காளதேசத்தவர் ஏன் இவ்வளவு பேர் வாழ்கிறார்கள், அவர்களுக்கு முன் அங்கே இருந்தவர்கள் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். கிழக்கு லண்டனில் சில காலம் வசித்து, அந்தப் பகுதியின் வரலாற்றை ஈடுபாட்டுடன் படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இத்தெருவைப் பற்றிப் பேசுவோர் முதலில் காட்டுவது, 1743-இல் பிரெஞ்சு புராட்டஸ்டண்டுகள் கட்டிய தேவாலயத்தை. அது 1819-இல் மெத்தடிஸ்ட் ஆலயமாகவும், 1898-இல் யூதர்களின் தொழுகைக்கூடமாகவும், 1976-இல் பள்ளிவாசலாகவும் மாறியது. அதை மத நல்லிணக்கத்தின் சின்னமாக மட்டும் பார்ப்பது போதாது என்பது என் கருத்து. இவர்கள் எல்லோரையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தது துணித் தொழிலும் மலிவான வாடகையும்தான்.

இப்பகுதி பழைய லண்டன் நகர மதிலுக்கு வெளியே இருந்ததால், நகரத்துக் கைவினைஞர் குழுமங்களின் (கில்டுகளின்) கட்டுப்பாடு இங்கே தளர்வாக இருந்தது. 1685-இல் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த வழிபாட்டு உரிமையைப் பறித்தபோது தப்பி வந்த ஹ்யூகனாட்டுகள் (பிரெஞ்சு புராட்டஸ்டண்டுகள்) இங்கே பட்டுத் தறிகளை அமைத்தார்கள். வெளிச்சத்துக்காக மேல்மாடியில் அகலமான சன்னல்கள் வைத்த அவர்களுடைய வீடுகளில் சில இன்றும் நிற்கின்றன. நம் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற அச்சடித்த பருத்தித் துணிகளுக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு: அவற்றால் பிழைப்பு கெடுகிறதென்று 1719-இல் இப்பகுதி நெசவாளர்கள் கலவரம் செய்து, அத்துணியை உடுத்திய பெண்களைத் தெருவில் தாக்கினார்கள், 1721-இல் நாடாளுமன்றம் அத்துணிக்குத் தடைச்சட்டமே கொண்டுவந்தது. 1860-இல் பிரெஞ்சுப் பட்டுக்கு இறக்குமதி வரி நீக்கப்பட்டதும், ஏற்கெனவே நலிந்திருந்த நெசவு அடியோடு சரிந்தது.

1881-க்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் நடந்த படுகொலைகளுக்கு அஞ்சி ஓடிவந்த யூதர்கள் தையல் தொழிலில் இறங்கினார்கள். தைத்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி, திருப்பூரில் பீஸ் ரேட் என்கிறோமே, அதே முறைதான். ஆங்கிலம் தெரியாதவரும் வந்த மறுநாளே ஊசியைக் கையில் எடுக்கலாம். நூற்றாண்டின் இறுதியில் சில தெருக்களில் 95 சதவீதத்துக்கும் மேல் யூதர்களே வசித்தார்கள். அவர்கள்மீது எழுந்த வெறுப்பின் விளைவாகவே 1905-இல் அந்நியர் வருகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது. வசதி வந்தவர்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்தார்கள்; இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு அதை விரைவுபடுத்தியது.

வங்காளிகளின் தொடர்பும் பழையதே. பிரிட்டிஷ் நீராவிக் கப்பல்களின் எஞ்சின் அறைகளில் வெந்து உழைத்த இன்றைய வங்காளதேசத்தின் சில்ஹெட் மாவட்டத்து மாலுமிகள், துறைமுகத்தில் இறங்கி அருகிலேயே தங்கினார்கள். அவர்களை நம்பி 1950, 60-களில் உறவினரும் ஊர்க்காரரும் வந்தார்கள். பலருக்கு முதல் வேலை கொடுத்தவை யூதர்களின் தையல் கூடங்கள். 1971 வங்காளதேச விடுதலைப் போருக்குப் பின் மனைவி மக்களும் வரத் தொடங்கியபோது, வீட்டு ஒதுக்கீட்டில் பாகுபாடு இருந்ததால், பாழடைந்து பூட்டிக் கிடந்த வீடுகளில் பல குடும்பங்கள் தாமாகவே குடியேறின.

நிறவெறியர்களின் தாக்குதல் அன்றாட நிகழ்வாக இருந்த காலம் அது. 1978 மே 4 அன்று, அல்தாப் அலி என்ற இளம் தையல் தொழிலாளி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து ஏறத்தாழ 7,000 பேர் அவருடைய சவப்பெட்டியின் பின்னால் பிரதமர் இல்லம் நோக்கி நடந்தார்கள். இத்தெருவின் வரலாற்றில் மிக முக்கியமான நாளாக நான் கருதுவது அதைத்தான். ஒதுங்கி வாழ்ந்த ஒரு சமூகம் அன்றிலிருந்து அரசியல் குரலாக மாறியது. அவர் விழுந்த இடத்தருகே உள்ள பூங்கா 1998 முதல் அவர் பெயரைத் தாங்குகிறது.

2021 கணக்கெடுப்பின்படி, இத்தெரு அமைந்துள்ள டவர் ஹாம்லெட்ஸ் என்ற லண்டன் நிர்வாகப் பகுதியில் சுமார் 3,10,000 பேர் வாழ்கிறார்கள், அவர்களில் 34.6 சதவீதத்தினர் வங்காளதேச வம்சாவளியினர். ஆனால் பிரிக் லேனில் பெயர்பெற்ற வங்காளி உணவகங்களில் பாதிக்கும் மேல் மூடப்பட்டுவிட்டன. பக்கத்திலுள்ள நிதி மையம் வாடகையை ஏற்றிவிட்டதால், தையல் கூடங்கள் இருந்த மாடிகள் அலுவலகங்களாகின்றன. யூதர்களில் பலர் கையில் காசு சேர்ந்ததும் விரும்பி வெளியேறினார்கள். இப்போது இன்னும் கிழக்கே உள்ள நியூஹாம், ரெட்பிரிட்ஜ் பகுதிகளுக்குப் பெயரும் வங்காளிக் குடும்பங்களில் பல, வாடகை கட்டுபடியாகாமல் போகின்றன.