கைக்குழந்தையும் கடவுச்சீட்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பத்து மாதப் பெண் குழந்தை விமானத்தில் ஏறியதும் வயிறு நிறையப் பால் குடித்துவிட்டு உறங்கிப்போனாள். தரையிறங்குவதற்குச் சற்று முன்பு விழித்தவள், காதைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் கதறினாள். அடுத்த மாதம் திரும்பிவர வேண்டும். தூங்க வைக்கும் மருந்தைக் கொடுத்துவிடு என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். உறவினர்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் சளிக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கப்படும், உறக்கத்தை வரவழைக்கும் மருந்தாக இருக்கும். அது சில குழந்தைகளுக்கு உறக்கத்தைத் தருவதற்குப் பதிலாகப் பெரும் பரபரப்பைத் தந்துவிடும். அப்படிப்பட்ட குழந்தையோடு ஒன்பது மணி நேரம் அடைபட்டுக் கிடப்பதைவிட அரை மணி நேர அழுகை எவ்வளவோ மேல். தவிர, கைக்குழந்தைக்கு அந்த மருந்து ஆபத்தாகவும் முடியலாம்.

உங்கள் குழந்தைக்கு நேர்ந்ததன் காரணம் எளிமையானது. நடுக்காதையும் தொண்டையின் மேற்பகுதியையும் இணைக்கும் மெல்லிய குழாய் ஒன்று உண்டு. குழந்தைகளுக்கு அது குறுகலாகவும் ஏறக்குறைய படுக்கைவாட்டிலும் இருப்பதால் எளிதில் திறப்பதில்லை. பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் வரை உயரமுள்ள மலையில் இருப்பதைப் போலக் குறைவாக இருக்கிறது. விமானம் கீழிறங்கும்போது அது மீண்டும் உயர்கிறது. குழாய் மூடியே கிடந்தால் செவிப்பறை உள்நோக்கி இழுக்கப்பட்டு வலிக்கிறது. விழுங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழாய் சற்றே திறக்கும். ஆகவே பால் தேவைப்படுவது ஏறும்போதைவிட இறங்கும்போதுதான். பெரும்பாலான பெற்றோர் இருக்கையில் அமர்ந்த பதற்றத்தில் முதலிலேயே பாலைக் கொடுத்துத் தீர்த்துவிடுகிறார்கள்.

தரையிறங்குவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரத்துக்கு முன்பே விமானம் தாழத் தொடங்கிவிடும். மனம் ஒப்பாவிட்டாலும் அப்போது குழந்தையை எழுப்பிவிடுங்கள், ஏனெனில் உறக்கத்தில் விழுங்குவது மிகவும் குறைந்துவிடுகிறது. தாய்ப்பால், புட்டிப்பால், சூப்பான் என எது கிடைத்தாலும் சரி. மிட்டாய் கொடுத்துப் பார்க்கலாம் என்று எண்ணாதீர்கள். சிறு குழந்தையின் தொண்டையில் அது அடைத்துக்கொள்ளும். கடுமையான சளியோ காது நோயோ இருந்தால் பயணத்துக்கு முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எல்லாம் செய்தும் அழுதால், அழட்டும். அழும்போதும் அந்தக் குழாய் திறக்கிறது. பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொள்வது உங்கள் பொறுப்பு.

கேள்வி: வெளிநாட்டில் போய் இறங்கினோம், பெட்டி வரவில்லை. பால் பொடி, மாற்றுடை, காய்ச்சல் மருந்து எல்லாம் அதற்குள்தான் இருந்தன. இரண்டு நாள் தவித்துப்போனோம். இழப்பீடு கேட்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அதற்கான முதல் வேலையை விமான நிலையத்தைவிட்டு வெளியேறுவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். பெட்டிகள் வந்து சேரும் கூடத்திலேயே இதற்கென ஓர் அலுவலக மேசை இருக்கும். அங்கே புகாரை எழுத்து மூலம் பதிந்து, அதற்குரிய எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். பன்னாட்டு விமானப் பயணங்களில் விமான நிறுவனத்தின் பொறுப்பை வரையறுக்கும் 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில், பெட்டி தாமதமாகக் கிடைத்தால் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள்ளும், சேதமடைந்து கிடைத்தால் 7 நாட்களுக்குள்ளும் விமான நிறுவனத்துக்கு எழுத்து மூலம் முறையிட வேண்டும். அவசரத்துக்கு வாங்கிய டயாபர் முதற்கொண்டு எல்லாவற்றின் ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

இதை எழுதும் எனக்கும் ஒருமுறை இப்படி நேர்ந்தது. குழந்தையின் உடைகளைக் கைப்பையில் வைத்திருந்த நான், எனக்கென ஒரு சட்டைகூட எடுத்துவைக்கவில்லை. குழந்தை என் மீது வாந்தி எடுத்தது நடுவானில். சுத்தமான உடையில் அவன் சிரித்துக்கொண்டிருக்க, குடிவரவு வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் இருந்தவர்கள் இரண்டடி விலகியே நின்றார்கள். அன்றிலிருந்து கைப்பையில் பெரியவருக்கும் ஒரு மாற்றுடை உண்டு.

கைப்பையில் எடுத்துச்செல்லும் திரவம் எதுவும் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கொள்கலனில் இருக்கக் கூடாது என்ற விதி 2006இல் நடைமுறைக்கு வந்தது. பல விமான நிலையங்களில் இன்றும் இருக்கிறது. குழந்தைக்கான பாலுக்கும் உணவுக்கும் தேவையான மருந்துக்கும் பொதுவாக அதிலிருந்து விலக்கு உண்டு. சோதனை அலுவலரிடம் நீங்களே முதலில் எடுத்துக் காட்டிவிடுங்கள். மருந்தை அதன் சொந்தப் பெட்டியிலேயே, மருத்துவரின் சீட்டுடன் கொண்டுசெல்லுங்கள். ஓரிடத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் சளி மருந்து இன்னோரிடத்தில் தடைசெய்யப்பட்டிருக்கலாம். மூக்கடைப்பைத் தணிக்கும் சூடோஎபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் கலந்த மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுசெல்ல முடியாது. வலிக்கும் இருமலுக்கும் கொடுக்கப்படும் கோடீன் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து.

கேள்வி: கணவர் வராமல் நானும் மகனும் மட்டும் சென்றோம். அவன் பெயரோடு இருப்பது தந்தை பெயர், என் பெயர் வேறு. எல்லையில் நிறுத்தி, இவன் உங்கள் மகன்தானா என்று கேட்டார்கள். அவமானமாக இருந்தது.

பதில்: அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெற்றோரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் குழந்தையை வேறு நாட்டுக்குக் கடத்திச் செல்வது அரிதான நிகழ்ச்சி அல்ல. அதற்கென்றே 1980இல் ஹேக் நகரில் ஒரு பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. எனவே குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும், பயணத் தேதிகளும் தொடர்பு எண்ணும் குறிப்பிட்டு, உடன் வராத பெற்றோர் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதத்தையும் எடுத்துச்செல்லுங்கள். அதில் சான்றுறுதி அலுவலரின் (நோட்டரி) முத்திரையும் இருந்தால் நல்லது. கடவுச்சீட்டின் தேதியையும் பாருங்கள். பல நாடுகள் குழந்தைகளுக்கு ஐந்தாண்டுச் சீட்டுதான் வழங்குகின்றன. பெற்றோருடையது பத்தாண்டு என்பதால் குழந்தையுடையது காலாவதியாவதை யாரும் கவனிப்பதில்லை. மடியில் அமர்த்தும் சலுகை இரண்டு வயது நிறையும் வரைதான். பயணத்தின் நடுவே இரண்டாவது பிறந்தநாள் வந்தால், திரும்பும்போது தனி இருக்கை வேண்டும்.

கேள்வி: சுரங்க ரயிலில் மனைவியும் நானும் ஏறிவிட்டோம், ஐந்து வயது மகள் நடைமேடையில் இருக்கும்போதே கதவு மூடிக்கொண்டது. அடுத்த நிலையத்திலிருந்து திரும்பி ஓடிவருவதற்குள் உயிர் போய்விட்டது. இதற்கு என்ன முன்னேற்பாடு செய்வது?

பதில்: குழந்தை கிடைத்துவிட்டாள் என்று நீங்கள் எழுதாமலே புரிகிறது, நிம்மதி. இனி ஏறும்போது ஒருவர் முன்னே, குழந்தை நடுவே, மற்றவர் பின்னே. இறங்கும்போதும் அப்படியே. இருவருமே பெட்டிகளோடு முன்னால் போவதுதான் வழக்கமான தவறு. "நாங்கள் காணாமல் போனால் நீ நின்ற இடத்திலேயே நில், நாங்கள்தான் வருவோம்" என்று குழந்தைக்குச் சொல்லி, வீட்டிலேயே நடித்துப் பழக்குங்கள். உதவி கேட்க வேண்டியிருந்தால் சீருடை அணிந்தவரிடமோ, குழந்தையோடு நிற்கும் ஒரு தாயிடமோ கேட்கச் சொல்லுங்கள். நாட்டுக் குறியீட்டோடு உங்கள் எண்ணை அவளது கையில் எழுதுங்கள். தினமும் காலையில் வெளியே கிளம்பும்போது ஒரு படம் எடுங்கள். பதற்றத்தில் அன்றைய சட்டையின் நிறம் எந்தப் பெற்றோருக்கும் நினைவுக்கு வராது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அவசர உதவி எண் 112. செல்லும் நாட்டின் எண்ணைக் கிளம்புமுன் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நேர வேறுபாட்டால் இரவு இரண்டு மணிக்கே எழுந்து விளையாடுகிறான். எப்போது சரியாகும்?

பதில்: ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்பது பொதுவான கணக்கு, கிழக்கு நோக்கிச் சென்றால் இன்னும் சற்று இழுக்கும். பகலில் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள், முதல் இரண்டு நாட்களுக்கு நுழைவுச்சீட்டு எதையும் முன்பதிவு செய்யாதீர்கள். இரவு இரண்டு மணிக்கு விளக்கைப் போடாமல், கைபேசியைக் கொடுக்காமல், மெல்லிய குரலில் கதை சொல்லுங்கள். உங்களுக்கு முதலில் தூக்கம் வந்துவிட்டால், மனைவியை எழுப்புங்கள்.