பேச்சுப் பக்கத்தில் முடியாத சண்டைக்கு என்ன வழி?

கேள்வி: விக்கிப்பீடியாவில் ஒரு பழைய போர் பற்றிய கட்டுரையை வளர்த்து வருகிறேன். இறந்தவர்களின் எண்ணிக்கையை நான் ஒரு நூலைக் காட்டிப் போட்டால், இன்னொரு பயனர் வேறொரு நூலைக் காட்டி மாற்றிவிடுகிறார். கட்டுரையோடு சேர்ந்த பேச்சுப் பக்கத்தில் வாரக்கணக்காக வாதாடியாயிற்று. இப்போது வேறு சிலரும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள். நிர்வாகியிடம் போகலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எந்த எண் சரி என்று தீர்ப்புச் சொல்வது நிர்வாகியின் வேலை இல்லை. மிஞ்சிப்போனால் பக்கத்தைப் பூட்டுவார், மாற்றி மாற்றி அழித்தவர்களைத் தடை செய்வார். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2004 முதல் இயங்கும் நடுவர் குழுகூடப் பயனர்களின் நடத்தையைத்தான் விசாரிக்கிறது. கட்டுரையில் என்ன இருக்க வேண்டும் என்பதை எழுதுகிறவர்களே பேசி முடிக்க வேண்டும்.

முதலில் மீளமைப்பதை, அதாவது அவர் செய்த மாற்றத்தை அழித்துப் பழையபடி வைப்பதை, நிறுத்துங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் 3 முறைக்கு மேல் மீளமைத்தால் தடை வரும். அதற்காக 3 முறை வரை உரிமை உண்டு என்று அர்த்தமில்லை. தப்பான எண் பக்கத்தில் நிற்கிறதே என்று மனம் பதறும், தெரியும். சில நாள் நிற்கட்டும். நீங்கள் மாற்றுவதை நிறுத்தினால்தான் எதிர்த்தரப்பும் உங்கள் வாதத்தைப் படிக்கத் தொடங்கும்.

அப்புறம், சண்டையைப் பிரியுங்கள். சிக்கலான தகராறு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் நாலைந்து சின்னத் தகராறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதுதான். எண் எது என்பது ஒன்று. அது முன்னுரையில் வரலாமா என்பது வேறு. 'போர்' என்பதா 'படுகொலை' என்பதா என்பது இன்னொன்று. அவர் உங்களை ஒருதலைப்பட்சமானவர் என்று சொல்லியிருந்தால், அது முற்றிலும் வேறு. அதை இந்தப் பேச்சுக்குள் கொண்டுவரவே வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தலைப்பு போட்டு, முதலில் எண்ணை மட்டும் எடுங்கள்.

இனி இரண்டு நூல்களையும் திறந்து, அந்த எண் வரும் பக்கத்தை முழுதாகப் படியுங்கள். பலரும் செய்யாமல் விடுவது இதைத்தான். ஒரு நூலில் இருப்பது இறந்தவர்கள் மட்டுமாக இருக்கலாம், மற்றதில் காயம்பட்டவர்கள், பிடிபட்டவர்கள் எல்லோரையும் சேர்த்த இழப்புக் கணக்காக இருக்கலாம். ஒன்று ஒரு தரப்பின் படையை மட்டும் எண்ணியிருக்கலாம். அப்படியானால் இரண்டும் சரி. இவ்வளவு நாள் சண்டை போட்டதே வீண். இல்லையென்றால் அடிக்குறிப்பைப் பின்தொடருங்கள். எதிர்த்தரப்பு மூன்று நூல்களைக் காட்டினாலும், மூன்றும் ஒரே பழைய நூலிலிருந்து எடுத்திருந்தால், அது மூன்று சான்று ஆகாது, ஒரே சான்றுதான்.

அதன் பிறகும் முரண் நின்றால், கட்டுரை தீர்ப்புச் சொல்லக் கூடாது. யார் சொன்னது என்று காட்டி எழுதுங்கள்: 'வென்ற தரப்பின் அறிக்கை இவ்வளவு என்கிறது, பிற்கால ஆய்வாளர்கள் இதைவிடக் குறைவாக மதிப்பிடுகிறார்கள்.' ஆனால் நடுநிலை என்பது இரண்டுக்கும் சம இடம் கொடுப்பதல்ல. பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட எண் முன்னால் வரட்டும், ஒருவர் மட்டும் சொல்வது ஓரிரு சொற்களில் அடங்கட்டும்.

பிரித்துப் பார்த்தால் வழி பிறக்கும் என்பதற்கு நல்ல சாட்சி, போலந்தின் கதான்ஸ்க் நகரத்தின் பெயர்த் தகராறு. கதான்ஸ்க் என்பதா, டான்சிக் என்ற ஜெர்மன் பெயரா என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் ஓயாமல் மாற்றிக்கொண்டிருந்தார்கள். 2005-இல் கேள்வியைக் காலகட்ட வாரியாகப் பிரித்து வாக்கெடுத்தார்கள். 1308 முதல் 1945 வரையான காலத்துக்கு டான்சிக், மற்றக் காலங்களுக்கு கதான்ஸ்க் என்று முடிவானது. அங்கே வாக்கெடுத்தது விதிவிலக்கு. பொதுவாகத் தலையை எண்ணி முடிவெடுப்பதில்லை, வாதத்தின் வலுவைத்தான் பார்ப்பார்கள்.

நீங்களும் அவரும் மட்டும் மோதிக்கொண்டிருந்தால் மூன்றாவது ஆள் ஒருவரின் கருத்தே போதும். இப்போது கூட்டம் சேர்ந்துவிட்டதால், எல்லோரிடமும் கருத்து கோருவதே சரி. கேள்வியை இரண்டே வரியில் வையுங்கள். 'ஆதாரமில்லாத இந்த எண்ணை நீக்கலாமா?' என்று கேட்டால் அந்தக் கேள்வியே ஒரு பக்கம் சாய்கிறது. 'முன்னுரையில் அ வாக்கியமா, ஆ வாக்கியமா?' என்று இரண்டையும் அப்படியே எழுதிக் கேளுங்கள். முடிந்தால் அந்த வரியை எதிர்த்தரப்போடு சேர்ந்தே எழுதுங்கள். உங்களுக்குச் சாதகமானவர்களைத் தேடிப் போய் அழைக்காதீர்கள். அது வெளியே தெரிந்தால் நல்ல வாதமும் எடுபடாது. ஒரு மாதமாவது விட்டுவிட்டு, இதில் தலையிடாத ஒருவரை முடிவு எழுதச் சொல்லுங்கள்.

முடிவு உங்களுக்கு எதிராக வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். புதிய ஆதாரம் கிடைத்தால் பேச்சைத் திரும்பத் திறக்கலாம், அதற்குத் தடையில்லை. பழைய ஆதாரத்தையே தூக்கிக்கொண்டு அடுத்த வாரமே திறந்தால்தான், அப்போது உங்கள் நடத்தை நிர்வாகியிடம் போகும்.