ஒரே கணினியில் கேமும் லைவும்: கிராபிக்ஸ் காட் 99 சதவீதத்தில் நிற்கிறது, புதுக் காட் வாங்க வேண்டுமா?

கேள்வி கேட்ட தம்பி கல்முனையில் இருந்து எழுதியிருக்கிறார். ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் காட், ஓபிஎஸ் என்கிற லைவ் அனுப்பும் மென்பொருள் மூலம் யூடியூப் லைவ். தனக்குக் கேம் நன்றாக ஓடுகிறதாம், பார்க்கிறவர்களுக்கு மட்டும் விக்கி விக்கி ஓடுகிறதாம். காட் போதாது, மாற்று என்று கடையில் சொல்லிவிட்டார்களாம்.

வாங்க வேண்டாம் தம்பி. அந்தக் காட் தாராளமாகப் போதும். நான் மட்டக்களப்பில் கணினி திருத்துகிற வேலை செய்கிறேன், இரவில் நானும் லைவ் போடுகிறவன். இதே முறைப்பாட்டோடு வருகிற கணினிகளில் அநேகமானவற்றில் காட்டில் ஒரு குறையும் இருப்பதில்லை. 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு காட் விலை என்ன நிலையில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பெரிய காட் போட்டாலும் கேம் அதையும் 99க்கு ஏற்றிவிடும், விக்கல் அப்படியே இருக்கும்.

ஏன் என்று சொல்கிறேன். லைவ் போடும்போது காட்டுக்கு இரண்டு வேலை கூடுகிறது. ஒன்று, கேம் படம், கமரா, பெயர்ப் பட்டி, சட் பெட்டி எல்லாவற்றையும் அடுக்கி ஒரே படமாக்குவது. மற்றது, அந்தப் படத்தைச் சுருக்கி வீடியோவாக்குவது, அதாவது என்கோட் பண்ணுவது. என்கோட் பண்ணத்தான் காட் திணறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அநேகமான என்விடியா காட்களில் அதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, பெயர் என்வென்க். 2012 இல் வந்த 600 வரிசையிலேயே அது இருந்தது. 2018 இல் வந்த டியூரிங் தலைமுறையில் தரம் நன்றாகக் கூடியது, உங்கள் 1660 சூப்பரில் இருப்பதும் அந்த டியூரிங் என்கோடர்தான். கேம் என்ன பாடு பட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

சிக்கல் முதல் வேலையில். படங்களை அடுக்குவது கேம் வரைகிற அதே பகுதியில் நடக்கிறது. புதுப் பாலம் வருவதற்கு முன் கல்லடிப் பழைய பாலத்தில் ஒரு பக்கத்து வாகனம் எல்லாம் வந்து முடியும்வரை மறுபக்கம் காத்து நின்றோமே, ஓபிஎஸ் அப்படித்தான் நிற்கிறது. 60 ஃபிரேமில், அதாவது செக்கனுக்கு 60 படம் வீதம் லைவ் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெக்கன்தான். அதற்குள் முறை வராவிட்டால் அந்தப் படம் போனதுதான். உங்கள் திரைக்குக் கேம் நேராக வருவதால் உங்களுக்கு எதுவும் தெரியாது.

இதை ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, ஓபிஎஸ்ஸே சொல்லும். டொக்ஸ் மெனுவில் ஸ்டாட்ஸ் என்பதைத் திறந்து வைத்துவிட்டு விளையாடுங்கள். மூன்று கணக்கு இருக்கும். ரெண்டரிங் லாக் காரணமாகத் தவறிய ஃபிரேம் ஏறினால், மேலே சொன்ன நெருக்கடி. என்கோடிங் லாக் ஏறினால் என்கோடருக்கு அல்லது ப்ரொசசருக்குப் பாரம் கூட. நெட்வேர்க் ட்ரொப் ஏறினால் காட்டைத் தொடவே வேண்டாம், அது இணைப்பின் பிரச்சினை. 4ஜி ரவுட்டரில் லைவ் போடுகிறவர்களுக்குப் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு இந்த மூன்றாவதுதான் அதிகம் வரும். அந்த நேரத்தில் கேம் செட்டிங்கைக் குறைத்துக்கொண்டிருந்தால் வீண் அலைச்சல்.

டாஸ்க் மேனேஜரிலும் ஜிபியூ பக்கத்தில் 3டி, வீடியோ என்கோட் என்று தனித்தனி வரைபடம் உண்டு. 3டி, அதாவது கேம் வரைகிற பகுதி, 99இல் நின்று வீடியோ என்கோட் சாவகாசமாகக் கீழே கிடந்தால் நான் சொல்வது உங்களுக்குப் பொருந்தும்.

போன கச்சான் காற்றுக் காலத்தில் ஆரையம்பதியில் இருந்து ஒரு பொடியன் கணினியைக் கொண்டுவந்தார். உங்களுடைய அதே காட், 144 ஹெர்ட்ஸ் மொனிட்டர், ஜிடிஏ 5. கேம் நூறு ஃபிரேமுக்கு மேல் ஓடுகிறது. அவருடைய லைவை என் போனில் போட்டுப் பார்த்தேன். கார் ஒரு லைட் கம்பத்தில் இருந்து அடுத்த கம்பத்துக்குத் தாவுகிறது, இடையில் படமே இல்லை. ஸ்டாட்ஸில் ரெண்டரிங் லாக் எண் கண் முன்னே ஏறிக்கொண்டிருந்தது. என்விடியா கொன்ட்ரோல் பெனலில் மேனேஜ் 3டி செட்டிங்ஸ் உள்ளே மேக்ஸ் ஃபிரேம் ரேட் என்று ஒன்று இருக்கிறது, 2020 தொடக்கத்தில் வந்த ட்ரைவரில் இருந்து உண்டு. அதில் 60 வைத்தோம். 3டி எழுபதுக்குக் கிட்ட இறங்கியது, ஏறிக்கொண்டிருந்த எண் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. போனில் கார் தெருவோடு ஒட்டி ஓடியது. வேறு எதையும் மாற்றவில்லை.

ஆகவே முதல் வேலை ஃபிரேமுக்கு எல்லை போடுவது. லைவில் பார்க்கிறவருக்குப் போவது 60 படம் மட்டுமே. அதற்கு மேல் காட் வரைவது உங்கள் கைக்கும் கண்ணுக்கும். வலோரன்ட் போல வேகமாகச் சுட வேண்டிய கேம் என்றால் 60 போதாது என்பது நியாயமான பேச்சு, அப்போது 120 வையுங்கள். 60இன் மடங்காக இருந்தால் லைவில் அசைவு சீராகத் தெரியும். எந்த எண்ணை வைத்தாலும் கேமின் மிகப் பாரமான இடத்தில், புகையும் வெடியும் வருகிற இடத்தில், 3டி 85 முதல் 90க்குள் நிற்க வேண்டும். மெனுவில் நின்றுகொண்டு அளக்காதீர்கள்.

எல்லை போட்டும் 90ஐத் தாண்டினால் கேம் தரத்தில் கைவையுங்கள். முதலில் நிழல், பிறகு பிரதிபலிப்பு, புகைமூட்டம், அம்பியன்ட் ஒக்லூஷன் (மூலை முடுக்குகளில் விழுகிற மெல்லிய நிழல்). இவற்றைக் குறைத்தால் லைவில் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது, சுருக்கிய வீடியோவில் அந்த நுணுக்கம் எப்படியும் கரைந்துவிடும். டெக்ஸ்சர் வேறு கதை: அது பிடிப்பது காட்டின் மெமரியை. 6 ஜிபிக்குள் அடங்கும்வரை அதைக் குறைக்கத் தேவையில்லை. ஆனால் குரோமையும் டிஸ்கோர்டையும் திறந்து வைத்திருந்தால் அவையும் அதே மெமரியில் பங்கு கேட்கும். கேமில் எஃப்எஸ்ஆர் (படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது) இருந்தால் போடுங்கள், அது ஏஎம்டி செய்ததென்றாலும் உங்கள் என்விடியா காட்டிலும் ஓடும்.

ஓபிஎஸ் பக்கத்தில் செய்ய வேண்டியது. அதை ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் மூலம் திறவுங்கள், அப்போதுதான் காட்டில் தனக்கு முன்னுரிமை கேட்க அதற்கு அனுமதி கிடைக்கிறது. பலர் இதைச் சின்ன விடயம் என்று விட்டுவிடுகிறார்கள், எனக்கு இது இரண்டாவது முக்கியமான மருந்து. முழுத் திரையைப் பிடிக்கிற டிஸ்ப்ளே கெப்சரை விட்டு கேம் கெப்சர் போடுங்கள். என்கோடரில் என்வென்க், பிரிசெட் பி5, சிபிஆர் (மாறாத பிட்ரேட்), கீஃபிரேம் 2 செக்கன். லுக் அஹெட், சைக்கோ விஷுவல் டியூனிங் இரண்டும் என்வென்க் பகுதிக்கு வெளியே காட்டின் பொதுப் பகுதியிலும் வேலை வைப்பவை, நெருக்கடி இருக்கும்போது நிறுத்துங்கள். விண்டோஸில் ஹார்ட்வெயர் எக்ஸலரேட்டட் ஜிபியூ ஷெட்யூலிங் என்று இருப்பதை நிறுத்தி, கணினியை ரீஸ்டார்ட் செய்து ஒருமுறை பாருங்கள். சில கணினிகளில் அதனால் நல்ல மாற்றம் வருகிறது.

அசைகிற ஓவர்லே, பறக்கிற எழுத்து, சப்ஸ்கிரைப் அலர்ட் என்று பிரவுசர் சோர்ஸ்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பவர்கள் இங்கே அதிகம். ஒவ்வொன்றும் பின்னால் ஓடுகிற ஒரு குட்டி பிரவுசர். வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அவுட்புட்டை 720பி ஆக்குங்கள் என்றும் சொல்வேன், காட்டுக்காக மட்டுமல்ல. நம் பக்கத்தில் அப்லோட் நிலையாகக் கிடைப்பது குறைவு. 4,000 கேபிபிஎஸ்ஸில் (செக்கனுக்கு 4,000 கிலோபிட்) 1080பி 60 அனுப்பினால் வேகமான காட்சியில் சதுரம் சதுரமாக உடையும். அதே அளவில் 720பி தெளிவாகவே போகும். கிரிக்கெட் போல ஆறுதலான கேம் என்றால் 30 ஃபிரேமே போதும், அடுக்குகிற வேலை பாதியாகிவிடும்.

இனி வெக்கை. கச்சான் வீசுகிற மாதங்களில் அறைக்குள் இருக்கிற காற்றே சூடு. என்விடியா காட்கள் 83 பாகையை ஒட்டிச் சூடானதும் தாமாக வேகத்தைக் குறைக்கும். அதனால்தான் காலையில் சரியாக ஓடிய லைவ் பின்னேரம் விக்குகிறது என்று சிலர் வருகிறார்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் என்கிற மென்பொருளில் காட்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள், ஃபிரேம் கொஞ்சம்தான் குறையும், சூடு நன்றாக இறங்கும். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றில் தூசி விசிறியில் பசை போல ஒட்டிக்கொள்ளும், பிரஷ் வைத்துத் துடைக்க வேண்டும், ஊதினால் போகாது. மழைக்காலத்தில் கரண்ட் போய் வரும்போதும் குறைந்த பவரில் ஓடுகிற காட்டைச் சின்ன யூபிஎஸ் தாங்கும், லைவை ஒழுங்காக முடித்து அணைக்கலாம்.

உங்களைப் போல இதே கேள்வியோடு வருகிற மற்றவர்களுக்கும் ஒன்று. மலிவாகக் கிடைக்கிறது என்று ஜிடி 1030, ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்கிவிடாதீர்கள். மூன்றிலும் என்கோடர் பகுதியே கிடையாது. ஏற்கெனவே வாங்கியிருந்தால், இன்டெல் ப்ரொசசரின் பெயர் எஃப் எழுத்தில் முடியாவிட்டால் அதனுள் இருக்கிற குவிக்சிங்க் என்கோடரைப் பாவிக்கலாம். போர்டின் பயாஸில் உள்ளே இருக்கிற கிராபிக்ஸை இயக்கிவிட்டால் ஓபிஎஸ் பட்டியலில் வரும்.

தம்பி, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எல்லை போடுவதையும் அட்மினிஸ்ட்ரேட்டரையும் மட்டும் இன்றைக்குச் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் ரெண்டரிங் லாக் ஏறினால் ஓபிஎஸ் ஹெல்ப் மெனுவில் லொக் ஃபைல் இருக்கும், அதையும் என்ன கேம் என்பதையும் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.