தவக்காலச் சமையல்: கறி நின்ற இடத்தில் ரசம் மட்டும் போதுமா?

கேள்வி: நாங்கள் மதுரை கே.புதூரில் வசிக்கும் கத்தோலிக்கக் குடும்பம். தவக்காலம் முடியும் வரை வீட்டில் கறியோ மீனோ எடுப்பதில்லை. கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறார். நான் காலை எட்டேகாலுக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். மகனுக்கு 15 வயது, மகளுக்கு 9. மாமியாருக்கு 68 வயது. சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். முதல் வாரம் பனீர், காளான் என்று வாங்கிப் பார்த்துக் கட்டுப்படியாகவில்லை. அதன்பின் ரசம், அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல் என்றே ஓடுகிறது. கணவர் நாலு மணிக்கே உடம்பு தளர்ந்துவிடுகிறது என்கிறார். மகன் ராத்திரி கடைப் புரோட்டா கேட்கிறான். செலவும் நேரமும் கூடாமல் என்ன சமைக்கலாம்?

பதில்: கறியை நிறுத்தியபோது அதனுடன் புரதமும் நின்றுவிட்டது, அந்த இடத்தில் மாவுச்சத்தும் எண்ணெயும் வந்து உட்கார்ந்துகொண்டன. உங்கள் கணவரின் நாலு மணித் தளர்ச்சிக்கும் மகனின் புரோட்டா ஆசைக்கும் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். ரசச் சோறும் உருளைக்கிழங்கும் வயிற்றை நிரப்பும். ஆனால் அந்த நிறைவு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காது. உங்களுக்கு வேண்டியது புதுப் பலகாரங்களின் பட்டியல் அன்று, இரவு ஒன்பது மணிக்குக் கழுவி ஊறப்போடும் ஓர் உழக்குப் பயறு என்பதே என் கருத்து.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது சுமார் 50 கிராம். நாள் முழுதும் 300 கிராம் அரிசியைச் சமைத்து உண்பவருக்கு அதிலிருந்தே 20 கிராமுக்கு மேல் கிடைத்துவிடும். ஐந்து பேருக்கு 250 கிராம் உலர்ந்த பயறு போட்டால் ஆளுக்கு 10 கிராமுக்குக் குறையாது. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், நிலக்கடலையில் 7 கிராம் இருக்கிறது. மீதியைச் சாம்பார்ப் பருப்பும் தயிரும் பார்த்துக்கொள்ளும். தவிரவும், அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பயறு வகைகளில் தாராளமாக இருக்கிறது. பயறில் குறைவது அரிசியில் இருக்கிறது. ஆகவே சோறும் பயறும் ஒரே தட்டில் வரும்போது இரண்டின் தரமும் உயர்கிறது.

காளானைப் பற்றி ஒரு சொல். நூறு கிராம் காளானில் சுமார் 3 கிராம் புரதமே இருக்கிறது. மற்றது பெரும்பாலும் தண்ணீர். பனீர் நல்ல உணவுதான், ஆனால் கோழிக்கறியைவிட விலை கூடுதல். நோன்புக்காகக் கறியை விட்டுவிட்டுக் கறியைவிட அதிகம் செலவழிப்பது எனக்குச் சற்றுப் பொருத்தமில்லாததாகவே தோன்றுகிறது. ஒரு கிலோ கோழி வாங்கும் பணத்தில் பெரும்பாலும் இரண்டு கிலோ பயறு வாங்கலாம். கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கறுப்புக் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை, பாசிப்பயறு ஆகிய நான்கையும் கிலோ கிலோவாக ஒரே முறை வாங்கி வைத்தால் உங்கள் வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் வரும். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பை விட்டுவிடாதீர்கள். காய்க்கும் கீரைக்கும் அண்ணா நகர் உழவர் சந்தை உங்களுக்குப் பக்கம்தான். 1999 நவம்பர் 14 அன்று தொடங்கிய அதுவே தமிழகத்தின் முதல் உழவர் சந்தை. முருங்கைக்காய் மலிந்து மாங்காய் தலைகாட்டும் பருவத்தில்தான் தவக்காலமும் வருகிறது என்பது நமக்கு வசதி.

இனி ஊறவைக்கும் முறை. மாசி இரவுகளில் எட்டு மணி நேரம் ஊறினாலும் கெடாத பயறு, பங்குனி வெக்கையில் அவ்வளவு நேரம் தாங்காது. நானே ஒரு பங்குனி மாதத்தில் காலையில் கொண்டைக்கடலையை ஊறப்போட்டுவிட்டு வேலைக்குச் சென்று, மாலை ஆறு மணிக்கு வந்து பார்த்தபோது தண்ணீரெல்லாம் நுரைத்துப் புளித்த வாடை அடித்தது; அரைக் கிலோவையும் கொட்ட வேண்டியதாயிற்று. எனவே இரவில் ஊறப்போடுங்கள். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் அதற்குள் வைத்துவிடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி, இரண்டு முறை அலசி, புதுத் தண்ணீர் ஊற்றி, ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போட்டு வேகவைத்தால், பயறு என்றாலே வாயு என்று பெரியவர்கள் சொல்லும் குறை பெருமளவு நீங்கும். வழக்கமில்லாதவர்கள் முதல் வாரம் பாதி அளவில் தொடங்குவது நல்லது. முக்கியமான இன்னொன்று: பயறு வேகும் முன் புளியோ தக்காளியோ சேர்க்கக் கூடாது. புளிப்புப் பட்டால் தோல் இறுகிக்கொள்ளும். அப்புறம் பத்து விசில் விட்டாலும் கல்லாகவே இருக்கும், எரிவாயுவும் வீண்.

எட்டேகால் பேருந்துக்குப் பொருந்தும் ஒரு குழம்பைச் சொல்கிறேன். ஊறிய தட்டைப்பயறைக் காலை ஐந்தரை மணிக்கு உப்புப் போட்டுக் குக்கரில் மூன்று விசில் விடுங்கள். அது அடங்குவதற்குள் வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காயவைத்து, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, பதினைந்து சின்ன வெங்காயத்தையும் ஆறேழு பல் பூண்டையும் முழுதாகப் போட்டு, வெங்காயம் கண்ணாடி போல் ஆகும் வரை வதக்குங்கள். நான்காகப் பிளந்த கத்தரிக்காய் கால் கிலோவைச் சேர்த்து, அதன் தோல் சுருங்கத் தொடங்கியதும் குழம்புத் தூள் போட்டு, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை வாடை போகக் கொதித்தபின் வெந்த பயறை அதன் தண்ணீரோடு கொட்டுங்கள். பயறில் ஒரு கரண்டியை எடுத்து மசித்துச் சேர்த்தால் தேங்காய் அரைக்காமலே குழம்பு கெட்டிப்படும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்ததும் இறக்கிவிடலாம். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கருவாட்டுக் குழம்பின் மேல் ஆசையுள்ளவர்களுக்கு இதில் ஏறக்குறைய அதே புளிப்பும் காரமும் கிடைக்கும், வாசனை மட்டும்தான் இருக்காது. இதே தாளிப்பில் ஒரு நாள் மொச்சை, ஒரு நாள் கொண்டைக்கடலையுடன் முருங்கைக்காய், ஒரு நாள் பாசிப்பயறுடன் மாங்காய் என்று மாற்றிக்கொண்டே போகலாம். மொச்சைக்கும் கடலைக்கும் மட்டும் ஐந்தாறு விசில் தேவைப்படும்.

மகனின் புரோட்டாவுக்கு வருவோம். மதுரைப் பிள்ளைக்குச் சுக்காவின் ருசி நாக்கில் ஏறியிருக்கும்; அவன் தேடுவது பாதி கறியை என்றால் மீதி சோம்பு, மிளகு, வதங்கிய சின்ன வெங்காயம் ஆகியவற்றை. கடைகளில் மீல் மேக்கர் என்று விற்கும் சோயா உருண்டையில் பாதிக்கு மேல் புரதம்தான். நூறு கிராமில் 50 கிராமுக்குச் சற்று மேலேயே இருக்கிறது. நூறு கிராமை உப்புப் போட்ட கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்து, குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசி, கையால் இறுகப் பிழிய வேண்டும். பலரும் பிழியாமல் போட்டுவிட்டு, வாடை வருகிறது என்று பிறகு குறை சொல்வார்கள். பிழிந்ததை இரண்டாக நறுக்கி, சோம்பு தாளித்த எண்ணெயில் வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த் தூள், மல்லித் தூளுடன் தண்ணீர் விடாமல் சுருள வதக்கி, கடைசியில் இடித்த மிளகைத் தூவினால், வீட்டுச் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள 20 நிமிடத்தில் தயார். வாரம் ஒரு முறை, கூடினால் இரண்டு முறை போதும்.

திருச்சபையின் ஒழுங்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வீட்டில் யார் எவ்வளவு குறைத்துக்கொள்ளலாம் என்பது அதையொட்டியே அமையும். சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்த்தல், 14 வயது நிறைந்தவர்களுக்கு உரியது. ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழு உணவு உண்ணும் நோன்பு, 18 வயது நிறைந்தது முதல் 60-ஆம் வயது தொடங்கும் வரை உள்ளவர்களுக்கு, தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் மட்டுமே கடமை. மீன், முட்டை, பால் ஆகியவற்றை இந்த ஒழுங்கு தடுப்பதில்லை. நீங்கள் மீனையும் விட்டிருப்பது உங்கள் குடும்பத்தின் நேர்ச்சை. 1606-இல் மதுரைக்கு வந்து தத்துவ போதகர் எனப்பட்ட இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலியே புலாலை அறவே விட்டு வாழ்ந்த ஊர் இது என்பதால், அதில் புதுமையும் இல்லை. ஆனால் 9 வயது மகளுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அவளுக்கு நாளும் ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் கொடுங்கள். மகன் வளரும் வயதில் இருக்கிறான். இறைச்சியைத் தவிர்க்கலாம், உணவைக் குறைக்க வேண்டியதில்லை. மற்றவர்களும் தயிரும் முட்டையும் எடுத்துக்கொண்டால் ஆறேழு வாரத்தில் பி12 குறையும் என்ற கவலை தேவையில்லை. உடல் அதை நெடுங்காலம் சேமித்து வைத்திருக்கும். இரும்புச் சத்து உங்களுக்குத்தான் முக்கியம்: முருங்கைக்கீரைப் பொரியலோ பயறோ உண்ணும் வேளையில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள், சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

மாமியார் ஒருசந்தி இருக்கவேண்டிய வயதைக் கடந்தவர். அவர் பிடிவாதமாக இருப்பேன் என்றால் முதலில் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். கிளிமிபிரைடு போன்று இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு ஒரு வேளை உணவை விட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடலாம். அளவை மாற்றுவது பற்றி மருத்துவரைக் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தாலோ கருவியில் 70-க்குக் கீழே காட்டினாலோ மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் சோதித்துப் பாருங்கள். அவருடைய தட்டில் சோற்றைக் கால் பங்கு குறைத்து அந்த இடத்தில் பயறை வைப்பதே அவருக்கு ஏற்ற தவமுயற்சி.

ஒருசந்தி நாளில் ஒரு முழு உணவும் இரண்டு சிற்றுணவும் கொள்ளலாம். பெரிய வெள்ளியன்று வெயிலில் சிலுவைப் பாதை நடக்கிறவர்கள் காலையில் மோர் கலந்த கேப்பைக் கூழும் சின்ன வெங்காயமும் எடுத்துக்கொண்டால் உடம்பு தாங்கும். இரவுக்குப் பாசிப்பயறுக் கஞ்சியே போதும்: வறுத்து உடைத்த பாசிப்பயறு ஒரு பங்கு, நொய்யரிசி இரண்டு பங்கு, சீரகம், பூண்டு, உப்பு எல்லாம் ஒன்றாகக் குக்கரில், தொட்டுக்கொள்ள மாங்காய்த் துண்டு. என் பாட்டி சாம்பல் புதனுக்கு முந்தின இரவு கறிச்சட்டியைத் தேய்த்துப் பரணில் கவிழ்த்துவிட்டு, அந்த நாற்பது நாளும் இந்தக் கஞ்சியின் பலத்திலேயே வயல் வேலைக்குப் போனார்.

கணவரின் வேனில் வறுத்த நிலக்கடலையும் ஒரு சீசா நீர்மோரும் இருக்கட்டும். நாலு மணிக்கு வடைக் கடையில் வண்டி நிற்காது.

ஊறவைக்க மறந்துபோகும் இரவுகளும் வரும். அன்றைக்கு உடைத்த பாசிப்பருப்பு கைகொடுக்கும். ஊறாமலே இரண்டு விசிலில் குழைந்துவிடும் அதில் முருங்கைக்கீரையை உருவிப் போட்டுக் கூட்டு வையுங்கள். அதற்கும் நேரமில்லையென்றால் பொரிகடலை, வரமிளகாய், பூண்டு, ஒரு சுளை புளி, உப்பு ஆகியவற்றை மிக்சியில் கெட்டியாக அரைத்த துவையலும் சுடுசோறும் நல்லெண்ணெயும் போதும். ரசம் வேண்டுமானால் அன்றும் இருக்கட்டும், துவையலுக்குத் துணையாக.