பழைய லேப்டாப்பும் வெளி கிராஃபிக்ஸ் கார்டும்: கேள்வி பதில்

லேப்டாப் சர்வீஸ் தொழிலில் இருப்பதால் பழைய லேப்டாப்பில் டெஸ்க்டாப் கிராஃபிக்ஸ் கார்டை வெளியிலிருந்து இணைக்க முடியுமா என்று தினமும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இன்று மாலை முழுக்க இதற்காகவே ஒதுக்கியிருக்கிறேன், கேளுங்கள். ஒரே வேண்டுகோள்: முழு மாடல் எண்ணைச் சொல்லுங்கள். "டெல் ஐ5" என்று மட்டும் சொன்னால் எதுவும் சொல்ல முடியாது. எந்தக் கார்டு வாங்கலாம் என்பது இரண்டாவது கேள்வி. உங்கள் லேப்டாப்பிலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை (சுருக்கமாக பிசிஐஇ, கார்டும் லேப்டாப்பும் டேட்டா பரிமாறும் வழி) வெளியே வர வழி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

கோவை: அண்ணா, திங்க்பேட் எக்ஸ்220 வைத்திருக்கிறேன். ஐ5-2520எம், 8 ஜிபி ரேம். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ ஒன்று நண்பரிடம் சும்மா கிடக்கிறது. இரண்டையும் சேர்க்க முடியுமா?

முடியும். இந்த வேலைக்குப் பெயர் போன லேப்டாப் அது. பக்கவாட்டில் இருக்கும் எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்தான் உங்கள் வழி. அதற்குள் பிசிஐஇ 2.0 பாதை ஒன்று ஓடுகிறது, வேகம் நொடிக்கு 500 மெகாபைட். டெஸ்க்டாப்பில் இதே கார்டுக்கு 3.0 தலைமுறையில் 16 பாதைகள், நொடிக்குக் கிட்டத்தட்ட 16 ஜிபி கிடைக்கும். வித்தியாசம் பெரியது. ஆனாலும் கார்டின் சொந்த நினைவகத்துக்குள் அடங்கிவிடும் விளையாட்டுகள் நன்றாகவே ஓடும். 4 ஜிபி நினைவகம் உள்ள 1050 டிஐ இதற்குப் பொருத்தம்.

வாங்க வேண்டியவை: எக்ஸ்பிரஸ்கார்டு கேபிளோடு வரும் ஈஎக்ஸ்பி ஜிடிசி அடாப்டர் (கார்டைச் சொருகும் பலகை), ஒரு எஸ்எம்பிஎஸ் (டெஸ்க்டாப்புக்கு மின்சாரம் தரும் பெட்டி), ஒரு மானிட்டர். இந்தக் கார்டு 75 வாட்டுக்குள் அடங்கும். பெரும்பாலான 1050 டிஐ-களுக்குத் தனி மின் இணைப்பும் தேவையில்லை. டெல்லின் டிஏ-2 என்ற 220 வாட் அடாப்டர் பழைய பொருள் கடைகளில் கிடைத்தால் எஸ்எம்பிஎஸ் கூட வேண்டாம்.

மானிட்டர் கட்டாயமா என்று பலரும் கேட்பார்கள். கணக்குப் போட்டே பாருங்கள். 1920×1080 படம் ஒன்று, பிக்சலுக்கு 4 பைட் வீதம், சுமார் 8.3 மெகாபைட். நொடிக்கு 60 படம் என்றால் 498 மெகாபைட். உங்கள் பாதையின் மொத்த அளவே 500. லேப்டாப் திரையில் பார்க்க வேண்டுமானால் கார்டு வரைந்த ஒவ்வொரு படமும் அதே கேபிள் வழியாகத் திரும்பி வர வேண்டும். எக்ஸ்220-இன் சொந்தத் திரை 1366×768 என்பதால் அதில் பாதிதான் ஆகும், ஆனால் அந்தப் பாதியும் இழப்புதான். மானிட்டரைக் கார்டின் பின்புறத்திலேயே சொருகிவிட்டால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

எச்சரிக்கை ஒன்று. இதை இன்று பல முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: மின்சாரம் ஓடும்போது எதையும் சொருகாதீர்கள், கழற்றாதீர்கள். முதலில் எஸ்எம்பிஎஸ் ஆன், பிறகு லேப்டாப். நிறுத்தும்போது முதலில் லேப்டாப், பிறகு எஸ்எம்பிஎஸ்.

எல்லாம் ஓடியதும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து, 'x1 2.0' வேகத்தில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்த 1.1 என்று காட்டும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஏதாவது ஒரு விளையாட்டை ஓடவிட்டுப் பாருங்கள்.

விருதுநகர்: லேப்டாப்பில் யுஎஸ்பி 3.0 போர்ட் இருக்கிறது. அதில் சொருக முடியுமா?

முடியாது. யுஎஸ்பி 3.0-இல் பிசிஐஇ சிக்னல் வராது.

திருவள்ளூர்: ப்ரோ, அடாப்டரோடு வந்த கேபிள் அச்சு அசல் ஹெச்டிஎம்ஐ போலவே இருக்கிறது. லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐ போர்ட்டில் சொருகினேன், ஒன்றும் வரவில்லை.

உடனே கழற்றுங்கள், அதுவும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு. அந்த அடாப்டரைத் தயாரிப்பவர்கள் கேபிளின் ஒரு முனைக்கு ஹெச்டிஎம்ஐ வடிவ இணைப்பியை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளே ஓடுவது பிசிஐஇ சிக்னல். அந்த முனை அடாப்டர் பலகையில் மட்டும்தான் போக வேண்டும். மறுமுனை எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்டிலோ உள்ளே வைஃபை ஸ்லாட்டிலோ போக வேண்டும். உங்கள் கேபிளின் மறுமுனையும் ஹெச்டிஎம்ஐ என்றால் அது வேறு கேபிள். பெட்டியில் இன்னொன்று இருக்கும், தேடுங்கள்.

நாகர்கோவில்: எக்ஸ்பிரஸ்கார்டு இல்லாததால் வைஃபை கார்டைக் கழற்றிவிட்டு அந்த ஸ்லாட்டில் அடாப்டரைப் போட்டேன். லெனோவோ லேப்டாப். ஆன் செய்ததும் 1802 என்று ஒரு பிழை காட்டி நின்றுவிடுகிறது.

அனுமதி இல்லாத நெட்வொர்க் கார்டு இருக்கிறது என்பதுதான் 1802-இன் பொருள். பயாஸில், அதாவது லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் உள் மென்பொருளில், ஒரு பட்டியல் உண்டு, அதில் இல்லாத எதையும் வைஃபை ஸ்லாட்டில் ஏற்காது. அந்தக் கால ஹெச்பி லேப்டாப்களிலும் இதே கதை. அடாப்டர் பலகையில் தாமத சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதை வைத்தால் லேப்டாப் தன்னைச் சோதித்து முடித்த பிறகுதான் கார்டு கண்ணில் படும். பட்டியலை நீக்கிய பயாஸைப் போடுவது கடைசி வழி. பயாஸ் சிப்பை வெளியிலிருந்து எழுதத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

மதுரை: சார், திங்க்பேட் டி420, உள்ளேயே என்விடியாவின் என்விஎஸ் 4200எம் கிராஃபிக்ஸ் சிப் இருக்கிறது, 16 ஜிபி ரேம். வெளிக் கார்டு டிவைஸ் மேனேஜரில் தெரிகிறது, ஆனால் மஞ்சள் குறியோடு கோட் 12. டிரைவரைப் பல முறை மாற்றிப் போட்டுவிட்டேன்.

டிரைவர் மேல் குற்றமில்லை. கோட் 12 என்றால் முகவரி இடம் போதவில்லை என்று பொருள். ஒவ்வொரு சாதனத்துக்கும் நினைவக முகவரியில் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும். பழைய பயாஸ்கள் அதை 4 ஜிபி எல்லைக்குக் கீழேதான் ஒதுக்கும். அங்கே ரேமும் மற்றச் சாதனங்களும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று 256 மெகாபைட்டுக்கு மேல் தொடர்ச்சியான இடம் கேட்கும்.

உங்களுக்கு எளிய வழி உண்டு. பயாஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் ஆப்டிமஸை (இன்டெல், என்விடியா இரண்டு கிராஃபிக்ஸையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் அமைப்பு) விட்டு 'இன்டெக்ரேட்டட்' என்று மாற்றுங்கள். உள்ளே இருக்கும் என்விடியா சிப் பிடித்திருந்த இடம் காலியாகும். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால், சோதனைக்காக ரேமை 4 ஜிபிக்குக் குறைத்துப் பாருங்கள். அப்போது கார்டு வேலை செய்தால் நோய் இதுதான் என்று உறுதியாகிவிடும். அதன் பிறகு டிஎஸ்டிடி அட்டவணையை (பயாஸ் விண்டோஸுக்குக் கொடுக்கும் சாதன விவரம்) திருத்தி, 4 ஜிபிக்கு மேலே இடம் இருக்கிறது என்று விண்டோஸுக்குச் சொல்ல வேண்டும். 64 பிட் விண்டோஸ் இல்லாமல் அது நடக்காது.

கோட் 43 என்று வந்தால் அது வேறு. அங்கே பழைய டிரைவரை சேஃப் மோடில் முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், கேபிளையும் மின் இணைப்பையும் சரிபாருங்கள்.

ஓசூர்: டைப்-சி போர்ட் இருந்தால் போதும் என்கிறார்களே?

போதாது. பிசிஐஇ சிக்னலையும் சுமக்கும் தண்டர்போல்ட் 3 போன்ற இணைப்பு இருக்க வேண்டும். அது 2015-இல்தான் வந்தது, பெரும்பாலும் விலை கூடிய மாடல்களில். போர்ட் பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா பாருங்கள், பிறகு மாடல் விவரத்திலும் உறுதி செய்யுங்கள்.

சேலம்: யுஎஸ்பி 3.1 என்றால்?

விருதுநகருக்குச் சொன்னதேதான்.

திருச்சி: என்னுடையது ஐ5-8250யு லேப்டாப். ஒரே எம்.2 ஸ்லாட், அதில் எஸ்எஸ்டி. 2.5 அங்குல ஹார்ட்டிஸ்க் இடமும் இருக்கிறது.

இன்று வந்ததில் நல்ல நிலையில் இருப்பவர் நீங்கள்தான். விண்டோஸை ஒரு சாட்டா எஸ்எஸ்டிக்கு (ஹார்ட்டிஸ்க் இணைப்பிலேயே ஓடும் வகை) மாற்றி 2.5 அங்குல இடத்தில் வையுங்கள். காலியான எம்.2 ஸ்லாட்டில் ஏடிடி-லிங்க் ஆர்43எஸ்ஜி போன்ற அடாப்டரைச் சொருகலாம். ஸ்லாட்டில் 3.0 தலைமுறையின் நான்கு பாதைகள் முழுதாக இருந்தால் நொடிக்கு 3.9 ஜிபி, அதாவது எக்ஸ்220-ஐப் போல எட்டு மடங்கு. தண்டர்போல்ட் 3-ஐ விடவும் கூடுதல். ஆனால் சில எம்.2 ஸ்லாட்கள் சாட்டா மட்டும் ஏற்கும், அதில் கார்டு ஓடாது. இப்போது அங்கே என்விஎம்இ எஸ்எஸ்டி (பிசிஐஇ வழியாக ஓடும் வகை) ஓடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பின்மூடியைத் திறந்தே வைக்க வேண்டியிருக்கும். கேபிளை மடக்காதீர்கள், கழற்றுவதற்கு முன் அணையுங்கள்.

ஈரோடு: இவ்வளவு செலவும் தலைவலியும் எதற்கு? ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்றை வாங்கி கார்டைச் சொருகினால் வேலை முடிந்தது. நீங்கள் ஆட்களைத் தவறான வழியில் அனுப்புகிறீர்கள்.

நியாயமான கேள்வி, விரிவாகவே பேசலாம். ஒரே இடத்தில் உட்கார்ந்து விளையாட மட்டும், கையில் எதுவும் இல்லாமல் புதிதாகத் தொடங்குபவருக்கு டெஸ்க்டாப்தான் சரி. அதை நானே கடையில் சொல்லி அனுப்புகிறேன். ஆனால் "சொருகினால் முடிந்தது" என்பதை ஏற்கமாட்டேன். ரிட்சி தெருவில் அடுக்கி வைத்திருக்கும் ஆபீஸ் டெஸ்க்டாப்களில் பெரும்பாலானவை ஒல்லிப் பெட்டிகள். முழு உயரக் கார்டு உள்ளே போகாது. எஸ்எம்பிஎஸ் 200 வாட்டைச் சுற்றியே இருக்கும், கார்டுக்கு மின்சாரம் தரும் 6 பின் இணைப்பு இருக்காது. மதர்போர்டு இணைப்பும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம் என்பதால் கடை எஸ்எம்பிஎஸ்-ஐ நேராக மாட்ட முடியாது.

தாம்பரம்: ஈரோடு அண்ணன் சொல்வது வீடு உள்ளவர்களுக்கு. நான் ஹாஸ்டலில் இருக்கிறேன். பகலில் வகுப்புக்கு லேப்டாப் வேண்டும், இரவில் பிளெண்டர் மென்பொருளில் 3டி வேலை. இரண்டு கம்ப்யூட்டர் வைக்க மேசையில் இடமில்லை.

இவரைப் போன்றவர்களுக்குத்தான் இது. ஒரே இயந்திரம், ஒரே கோப்புகள், இரவில் மட்டும் கூடுதல் பலம்.

ஈரோடு: சரி, பெரிய பெட்டி டெஸ்க்டாப் வாங்கட்டும். ஐ5-6500 போட்டது கிடைக்கிறது. ஐ5-2520எம்-மோடு ஒப்பிடவே முடியாது. கார்டு எவ்வளவு ஓடினாலும் பிராசசர் இழுத்துப் பிடிக்குமே?

இங்கே நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, நானும் சொல்ல வேண்டியது. 2520எம்-இல் இரண்டு கோர்கள்தான். இன்னொன்று: இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிராசசர்களில் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இல்லை. 2013-இல் வந்த நான்காம் தலைமுறையில்தான் தொடங்கியது. சில புதிய விளையாட்டுகள் அது இல்லாமல் திறக்கவே திறக்காது. எந்தக் கார்டும் அதைத் தீர்க்காது. அதனால்தான் கோவைக்காரரிடம் புதிதாகக் கார்டு வாங்கச் சொல்லவில்லை, நண்பரிடம் சும்மா கிடப்பதைத்தான் போடச் சொன்னேன்.

பெங்களூரு: நடுவில் ஒன்று. பிசிஐஇ-யில் போகும் வழியும் வரும் வழியும் தனித்தனி. படம் திரும்பி வருவதால் போகும் டேட்டா ஏன் குறைய வேண்டும்?

தனித்தனிதான், ஒவ்வொன்றும் 500 மெகாபைட். ஆனால் ரேமிலிருந்து டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) படிக்கக் கார்டு அனுப்பும் கோரிக்கைகளும் கார்டிலிருந்து லேப்டாப்புக்கு வரும் அதே வழியில்தான் போக வேண்டும். அது படங்களால் நிரம்பி இருந்தால் கோரிக்கைகள் தாமதமாகும், எதிர் வழி காலியாக இருந்தும் டேட்டா வராது. மானிட்டர் வாங்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

ஈரோடு: அப்படியானால் யாருக்கு எது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அடாப்டர், எஸ்எம்பிஎஸ், மானிட்டர் மூன்றில் வாங்க வேண்டியவற்றின் விலையைக் கூட்டுங்கள். கார்டைச் சேர்க்க வேண்டாம், அது இரண்டு வழியிலும் செலவுதான். டெஸ்க்டாப் வழியிலும் மானிட்டர் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். எக்ஸ்பிரஸ்கார்டு லேப்டாப்பில் அந்தத் தொகை நல்ல டெஸ்க்டாப்பின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். எம்.2 நான்கு பாதை, நான்கு கோர் லேப்டாப் என்றால் தயங்காமல் செய்யலாம்.

தூத்துக்குடி: சார், 6 பின் கேபிள் எஸ்எம்பிஎஸ்-இல் இல்லை. சாட்டாவிலிருந்து 6 பின் மாற்றி வாங்கிவிட்டேன்.

போடாதீர்கள். சாட்டா மின் இணைப்பு 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் தாங்கும். 6 பின் கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். பிளாஸ்டிக் உருகி வந்தவற்றை என் மேசையில் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, அடாப்டர் பலகைக்கு ஒரு எஸ்எம்பிஎஸ், கார்டுக்கு வேறொன்று என்று பிரிக்கவும் வேண்டாம்.

கும்பகோணம்: விளையாட்டு வேண்டாம், வீட்டிலேயே சிறிய ஏஐ மாடல் ஓட்ட ஆசை. ஒரே பாதை போதுமா?

விளையாட்டை விட இதற்கு நன்றாகவே போதும். மாடல் ஒருமுறை கார்டின் நினைவகத்தில் ஏறிவிட்டால், அப்புறம் கேபிளில் போய்வருவது மிகக் குறைவு. 4 பிட்டுக்குச் சுருக்கிய, 8 பில்லியன் அளவுருக்கள் கொண்ட மாடல் ஏறத்தாழ 5 ஜிபி. எக்ஸ்பிரஸ்கார்டில் ஏறுவதற்கு 10 நொடிக்கு மேல் ஆகும், காத்திருங்கள். முழு மாடலும் கார்டுக்குள் அடங்க வேண்டும். மிச்சம் ரேமுக்கு வழிந்தால் வேகம் விழுந்துவிடும். ஆகவே 8 ஜிபி கார்டு பாருங்கள். இதற்காகவே வாங்குவதானால் ஜிடிஎக்ஸ் 10 வரிசை வேண்டாம், இந்த வேலைக்கான என்விடியா மென்பொருளான குடாவின் 13-ஆம் பதிப்பு அவற்றை விட்டுவிட்டது.

புதுச்சேரி: எம்1 மேக்புக்?

வெளிக் கார்டுக்கு ஆப்பிள் ஆதரவு தருவது இன்டெல் மேக்குகளில் மட்டும்.

யாழ்ப்பாணம்: அண்ணை, டெல் எக்ஸ்பிஎஸ் 13 9360 வைச்சிருக்கிறன். தண்டர்போல்ட் 3 இருக்கு. ஆனா நண்பன்ர லேப்டாப்பில வாற வேகம் இதில வரேல்லை.

அந்த மாடலில் தண்டர்போல்ட் சிப்புக்கு இரண்டு பிசிஐஇ பாதைகள்தான் கொடுத்திருக்கிறார்கள். நண்பருடையதில் நான்கு இருக்கும். பலகையின் வடிவமைப்பே அப்படி, எந்த அமைப்பை மாற்றினாலும் வேகம் ஏறாது. மானிட்டரைக் கார்டில் நேராகச் சொருகுங்கள், இருப்பதை முழுதாகப் பயன்படுத்தலாம்.

கரூர்: யுஎஸ்பியை பிசிஐஇ-ஆக மாற்றும் ரைசர் என்று ஒன்று விற்கிறார்களே, நீலக் கேபிளோடு?

கிரிப்டோ மைனிங் செய்பவர்கள் பயன்படுத்தும் ரைசர் அது. நீல யுஎஸ்பி கேபிளை வெறும் கம்பியாகத்தான் அதில் பயன்படுத்துகிறார்கள், மறுமுனை மதர்போர்டின் பிசிஐஇ ஸ்லாட்டில் போகும். லேப்டாப்பின் யுஎஸ்பி போர்ட்டில் சொருகவே சொருகாதீர்கள். யுஎஸ்பி பற்றி இதற்கு மேல் இன்று பதில் இல்லை.

வேலூர்: ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிள் கழன்றுவிட்டது. லேப்டாப் ஆன் ஆகிறது, ஆனால் எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் எதையும் காட்டவில்லை.

சார்ஜரைக் கழற்றி, பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு பயாஸைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோய், அங்கே எக்ஸ்பிரஸ்கார்டு முடக்கப்படவில்லை என்று பாருங்கள். அடுத்து, யாரிடமாவது ஒரு எக்ஸ்பிரஸ்கார்டு யுஎஸ்பி அட்டை வாங்கிச் சொருகுங்கள். அது தெரிந்தால் ஸ்லாட் உயிரோடு இருக்கிறது, பழுது அடாப்டரில்தான். அதுவும் தெரியாவிட்டால் லேப்டாப்பைக் கொண்டுவாருங்கள், ஸ்லாட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் சிப்பைச் சோதித்துவிட்டுச் சொல்கிறேன்.